பிஸ்கட் டின்னுக்குள் கெட்டிமேளம்

1.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கற்பனையில் கிடைக்கவில்லை, வாழைமரத்தால் கிடைத்தது. 1989 ஆவணியில் ஒரு கலியாண வீட்டுக்கு இரண்டு குலைவாழை கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பலாம் என்று ஹேவாஹெட்டவிலிருந்து கண்டிக்கு வந்தேன். வாழையை வாசலில் கட்டி முடிப்பதற்குள் ஊரடங்கு விழுந்துவிட்டது. வாழையும் நானும் அங்கேயே நின்றுவிட்டோம்.

மாப்பிள்ளை தனபாலன் என்னோடு அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவன். பெண் வீட்டில் எனக்கு யாரையும் தெரியாது. ஆனாலும் இந்தக் கதையை நான் மாப்பிள்ளை பக்கமிருந்து சொல்லப் போவதில்லை. பெண்ணின் தகப்பனார் வரதராசாவின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லப் போகிறேன். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

இதுவரை ஏழு தடவை எழுதத் தொடங்கியிருக்கிறேன். சில தொடக்கங்களை உங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

"அஸ்கிரிய மலைச்சரிவில் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த—"

[வேண்டாம். கண்டியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பனியை இறக்குகிறார்கள். அன்று நல்ல வெயில்.]

"மங்கல வாத்தியம் என்பது நமது பண்பாட்டில்—"

[ஆறாம் வகுப்புக் கட்டுரை.]

"வரதராசாவுக்கு இரண்டு மனைவிகள்."

[நல்ல தொடக்கம்தான், ஆனால் பொய். மனைவி பத்மாதேவி ஒருவர்தான். மற்றது ஸ்டீரியோ. அதற்கு "மூத்த தாரம்" என்று பெயர் வைத்தவர் பத்மாதேவி. ஆகவே பாதிப் பொய்.]

பாதிப் பொய் கதைக்குப் போதும். இதிலிருந்தே போவோம்.

2.

வரதராசா நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞர். காணியை அளப்பவர் வேறு ஆள். அளந்து வந்ததை மையில் கோடாகப் போடுவதுதான் இவர் வேலை. வீட்டிலும் அதே புத்தி. அலுமாரியை அரை அடி நகர்த்துவதென்றாலும் முதலில் அளவுத்திட்டத்தோடு ஒரு வரைபடம் போட்டு, மூலையில் வடக்குத் திசையைக் காட்டும் அம்புக்குறியும் போட்டுவிடுவார்.

முன்னறையில், யன்னலோரமாக, மூத்த தாரம் கொலுவிருந்தது. ஒரு அம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர், இசைத்தட்டுச் சுழலும் ஒரு மேசைப்பெட்டி. பதினாறு வருடமாக அந்தக் குடும்பம் அமைதியாகத்தான் இருந்தது. இலண்டனிலிருக்கும் மச்சான் ஒரு சீ.டீ. பிளேயரை அனுப்பிவைத்த அன்றுதான் வீடு இரண்டுபட்டது.

(இந்த இடத்தில் கொஞ்சம் விஞ்ஞானம் சொல்லியாக வேண்டும். நாலு வரிதான், பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். இசைத்தட்டின் ஊசி எழுப்புவது மிகச் சின்ன ஒலி. அதைப் பெரிதாக்க அம்ப்ளிஃபயரின் முதுகில் தனித் துளை ஒன்று உண்டு. சீ.டீ.யோ பிறக்கும்போதே பெரிய குரலோடு பிறந்தது, அதற்கு வேறு துளை. முன்னால் ஒரு குமிழ் இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் தட்டு, மறுபக்கம் சீ.டீ. திருப்பும்போது "டொக்" என்று ஒரு சத்தம் வரும், பிறகு ஒரு விநாடி வெறுமை.)

அந்த ஒரு விநாடி வெறுமைதான் வரதராசாவின் உறக்கத்தைக் கெடுத்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் உயிரோடு வைத்திருக்க வேண்டும், ஒன்று மங்க மங்க மற்றது எழ வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசையை எடுத்துக்கொண்டு அலவத்துகொடவுக்குப் போனார். அங்கே ஹபீல் என்றொருவர் ரேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தார்.

ஹபீல் இரண்டு வயரையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இது ரெண்டும் ஒத்துப்போற சாமான் இல்ல சேர். ஒண்டு குசுகுசுண்டு பேசும், மத்தது கத்தும். ரெண்டயும் ஒரே வாய்க்குள்ள ஊத்த ஏலா. குசுகுசுக்கிறத மொதல்ல பெருசாக்கோணும். பொறகுதான் சம்பந்தம் பேசலாம்."

செத்துப்போன ஒரு ரேடியோகிராமின் வயிற்றிலிருந்து, தட்டின் ஒலியைப் பெரிதாக்கும் பாகத்தைக் கழற்றி எடுத்து ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார். டின்னின் முதுகில் இரண்டு ஓட்டை, இரண்டு வயருக்கு. முன்னால் ஒரு சறுக்குக் குமிழ். இடப்பக்கம் தள்ளினால் சீ.டீ., வலப்பக்கம் தள்ளினால் தட்டு, நடுவில் இரண்டும்.

"ஒரு கொற ஈக்கி சேர்," என்றார் ஹபீல். "எர்த் வயர் போடல்ல. வார கெழம வந்து போட்டுத் தாறேன். அது வரைக்கும் ம்ம்ம்முண்டு ஒரு சத்தம் வரும். டின்ன கையால தொட்டா நிக்கும்."

வார கிழமை வரவில்லை. அதாவது கிழமை வந்தது, ஹபீலால் வர முடியவில்லை. அந்த வருடம் ஊரடங்கு இரண்டு வகை. ஒன்று அரசாங்கம் போடுவது, மற்றது கிளர்ச்சிக்காரர் ஒட்டிவிட்டுப் போகும் சுவரொட்டி போடுவது. சுவரொட்டி, வெளியே வராதே, கடையைத் திறக்காதே என்னும். பட்டாளம் வந்து, கடையைத் திற என்னும். கடைக்காரர்கள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு இரண்டு தரப்புக்கும் பயந்தார்கள்.

3.

கலியாணம் கட்டுக்கலைக் கோயில் மண்டபத்தில் நடப்பதாக இருந்தது. நூற்றெண்பது பேருக்கு அழைப்பு, மாத்தளையிலிருந்து மேளம். முதல்நாள் பின்னேரம் சுவரொட்டி விழுந்ததும் மண்டபம் போயிற்று, மேளம் போயிற்று, நூற்று எழுபது பேர் போனார்கள். நூற்றெண்பது பேருக்கு வாங்கிய பூசணிக்காய் மட்டும் போகவில்லை. வீட்டில் இருந்தவர்கள் குருக்களையும் என்னையும் சேர்த்துப் பதினொரு பேர்.

கலியாணத்தைத் தள்ளிப்போட வழியில்லை. தனபாலனுக்குக் கனடா விசா கிடைத்திருந்தது, அடுத்த கிழமை பயணம். இப்போது கட்டாவிட்டால் அவன் ஒற்றை ஆளாகப் போய்விடுவான். பிறகு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. பெண், சத்தியபாமா, அறைக்குள் இருந்தபடி ஒரே ஒரு தடவை, "அப்பா, நாளைக்கு நடக்கும்தானே?" என்று கேட்டாள்.

நடக்காது என்று சொல்ல ஒருவர் இருந்தார், மாப்பிள்ளையின் தாயார் லீலாதேவி.

"மேளம் இல்லாமல் என்ர மகன் தாலி கட்டமாட்டான்," என்றார். "தாலி கட்டேக்க கெட்டிமேளம் என்னத்துக்கு அடிக்கிறது? கெட்ட சத்தம் ஒண்டும் காதில விழக்கூடாது எண்டுதானே. என்ர கலியாணத்தில மேளம் ஒரு நொடி விட்டுப்போச்சு. ஆரோ தும்மிப்போட்டினம். அதின்ர பலனை இண்டைக்கும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

பலன் பக்கத்துக் கதிரையில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தது. அவருடைய கணவர் இராமநாதன் முப்பத்தொரு வருடமாகத் தும்மிக்கொண்டிருக்கிறார்.

குசினியிலிருந்து பத்மாதேவியின் குரல் வந்தது.

"ஏன், உங்கட மூத்த தாரம் சும்மாதானே இருக்கிறா. அவவை வாசிக்கச் சொல்லுங்கோவன்."

அவர் அதை நக்கலாகத்தான் சொன்னார். வரதராசா எழுந்து நின்றுவிட்டார். பதினாறு வருடமாக இந்தச் சாமானால் வீட்டுக்கு என்ன பிரயோசனம் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் இருந்தவர் அவர்.

4.

அவருடைய திட்டம் இது. இலண்டன் மச்சான் அனுப்பிய சீ.டீ.யில் அருமையான நாதஸ்வரம், ஒரு கீறல் இல்லை. ஆனால் அது கச்சேரி, அதில் கெட்டிமேளம் கிடையாது. கெட்டிமேளம் இருந்தது பழைய இசைத்தட்டில். அந்தத் தட்டின் மற்ற இடமெல்லாம் கீறல் விழுந்து, ஒரே பிடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். கெட்டிமேளம் உள்ள மூன்றாவது வளையம் மட்டும் நலமாக இருந்தது. சடங்கு முழுவதற்கும் சீ.டீ. ஓடும். குருக்கள் கையை உயர்த்தியதும் ஊசியை இறக்கிச் சறுக்குக் குமிழைத் தள்ள வேண்டும். ஒரு நொடியும் விடாமல் நாதஸ்வரத்துக்குள்ளிருந்து கெட்டிமேளம் எழும். இராமநாதன் தும்மினால் தும்மட்டும்.

வயர் பூட்டுவதற்கு ஒரு வரைபடம் போட்டார். நாலில் ஒரு பங்கு அளவுத்திட்டம், சிவப்பு மை, கறுப்பு மை, வடக்கு அம்புக்குறி எல்லாம் இருந்தன. ஆனால் டின்னை முன்பக்கமிருந்து பார்த்து வரைந்துவிட்டு, பின்பக்கமாகக் குனிந்து வயரைப் பூட்டினார்.

முன்பக்கத்து இடம் பின்பக்கத்தில் வலம். முப்பது வருடமாக மற்றவர்களின் காணி எல்லையைப் பிழையில்லாமல் வரைந்த மனிதருக்கு இது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

ஒத்திகைக்கு மின்சாரத்தை விட்டார்கள். குசுகுசுப்பைப் பெரிதாக்கும் துளைக்குள் கத்துகிற சீ.டீ. போயிருந்தது. கடுகண்ணாவ வளைவில் பிரேக் அறுந்த லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவது போல ஒரு சத்தம். பத்மாதேவியின் கையிலிருந்த பயற்றம் பணியாரத் தட்டு கீழே போயிற்று. குருக்கள் "சிவ சிவா" என்று எழுந்தார். குமிழை மறுபக்கம் தள்ளினால், கெட்டிமேளம் மூன்று வீடு தள்ளி யாரோ கையைத் தட்டி நுளம்பு அடிப்பது போலக் கேட்டது.

"இதுதானோ உங்கட மேளம்?" என்றார் லீலாதேவி.

வரதராசா வயரைத் தொடவே இல்லை. முதலில் வரைபடத்தை எடுத்து, பின்பக்கத் தோற்றமாகத் திருத்தி வரைந்து, திகதி போட்டுக் கையெழுத்து வைத்தார். பிறகுதான் அதன்படி வயரை மாற்றினார். [இதை நம்பமாட்டீர்கள் என்று ஐந்தாவது வரைவில் நீக்கியிருந்தேன். ஆனால் நடந்தது இதுதான். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனதும் அந்த இடத்தில்தான்.]

இரண்டாவது ஒத்திகை சரியாக வந்தது. அதில் வேறு ஒரு சண்டை முளைத்தது.

"இன்னும் கூட்டுங்கோ," என்றார் லீலாதேவி. "வாசலுக்கே கேக்கேல்லை."

"குறையுங்கோ," என்றார் பத்மாதேவி. "றோட்டுக்குக் கேட்டால் ஊரே செத்த வீடு மாதிரிக் கிடக்கேக்க இஞ்ச ஆர் கொண்டாடுறது எண்டு வருவினம்."

இரண்டும் நியாயம். கெட்ட சத்தத்தை அமுக்குமளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், தெருவுக்குக் கேட்காதபடி சின்னதாகவும் இருக்க வேண்டும். ஹபீலின் டின்னில் அதற்குக் குமிழ் இல்லை.

5.

மறுநாள் காலை முகூர்த்தம். சீ.டீ. நாதஸ்வரம் வழுவழுவென்று ஓடிக்கொண்டிருந்தது. வரதராசா பட்டு வேட்டி சால்வையோடு, நெற்றியில் திருநீற்றுக் குறியோடு, ஒரு கையை டின்னில் வைத்தபடி நின்றார். கையை எடுத்தால் "ம்ம்ம்" என்று இரைச்சல் வரும்.

கன்னிகாதானத்துக்குக் குருக்கள் பெண்ணின் தகப்பனைக் கூப்பிட்டார். தகப்பன் டின்னை விட்டு அசைய முடியாமல் நின்றார். சுற்றிப் பார்த்தார். வேலை வெட்டி இல்லாமல் நின்றது நான்தான்.

"தம்பி, இஞ்ச வாங்கோ. இந்த டின்னைத் தொட்டுக்கொண்டு நில்லுங்கோ."

"எவ்வளவு நேரங்க ஐயா?"

"நான் மகளைக் குடுத்திட்டு வாறன்."

போய், மகளின் கையைத் தனபாலனின் கையில் வைத்து நீர் வார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். கண் கலங்கியிருந்தது. "இரைஞ்சதோ?" என்று கேட்டார். "இல்லீங்க ஐயா," என்றேன். அந்தக் கதையில் எனக்கு இருந்த பங்கு அவ்வளவுதான் என்று எழுதிவிட்டு நான் ஒதுங்கியிருக்கலாம்.

பாமா கூறை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இனித் தாலி. இங்கேதான் முடிவுகள் தொடங்குகின்றன. நான் எழுதிப் பார்த்தவை:

(அ) குருக்கள் கையை உயர்த்தும்போது மின்சாரம் நின்றுவிடுகிறது. தட்டு முனகிக்கொண்டே நிற்கிறது. உடனே பதினொரு பேரும் பானை, தட்டு, பூசணிக்காய் எல்லாவற்றிலும் கொட்டி மேளம் முழக்குகிறார்கள். [ஒரு பத்திரிகை இதைப் பரிசுக் கதையாகக்கூட எடுத்திருக்கும். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. பூசணிக்காயில் தட்டினால் அப்படி ஒன்றும் கேட்காது, தட்டிப் பார்த்தேன்.]

(ஆ) எல்லாம் சரியாக நடக்கிறது. லீலாதேவி, "சம்பந்தி, மேளம் நல்லா இருந்தது," என்கிறார். பத்மாதேவி ஸ்டீரியோவுக்குப் பொட்டு வைக்கிறார். [கலியாணத்துக்கு நல்லது. இதைத்தான் வரதராசா பிற்காலத்தில் எல்லோருக்கும் சொல்லிவந்தார்.]

(இ) தட்டு கீறல் விழுந்து, கெட்டிமேளம் நிற்காமல் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டே இருக்க, தனபாலன் மூன்று முடிச்சுக்குப் பதிலாக—

[இல்லை. விளையாட்டுப் போதும்.]

6.

இவ்வளவு நேரமும் எதிர்வீட்டைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. மறதியல்ல. ஏழு வரைவிலும் அந்த வீட்டை இல்லாமல் செய்துவிட்டுத்தான் கதையை ஓட்டினேன். அதனால்தான் ஏழும் சிரிப்பாக வந்தன, ஏழும் முடியாமல் நின்றன.

எதிர்வீட்டில் சீலாவதி அம்மா இருந்தார். அவருடைய மகன் நிமல் பேராதனையில் படித்துக்கொண்டிருந்தவன், பல்கலைக்கழகம் மூடிக் கிடந்ததால் வீட்டில் இருந்தான். அந்த வருடம் படிக்கிற பையன்கள் எல்லோர் மீதும் பட்டாளத்துக்குச் சந்தேகம். மண்டபத்துக் கதிரை இல்லை என்று அறிந்து, அன்று காலை தன் வீட்டுக் கதிரை பன்னிரண்டையும் றோட்டைத் தாண்டிக் கொண்டுவந்து வேலிக்கு மேலால் தந்தவன் அவன்தான். நாங்கள் உட்கார்ந்திருந்தது அந்தக் கதிரைகளில்.

குருக்கள் கையை உயர்த்தினார். வரதராசா வலக்கையால் ஊசியை இறக்கி, இடக்கையால் டின்னைப் பிடித்தபடி பெருவிரலால் குமிழைத் தள்ளினார். அவரிடம் மூன்றாவது கை இல்லை. ஆகவே அம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழை என்னிடம் ஒப்படைத்திருந்தார். நாதஸ்வரத்துக்குள்ளிருந்து கெட்டிமேளம் எழுந்தது. ஒரு நொடி விடவில்லை, ஒரு "டொக்" இல்லை. மூன்று விநாடி நேரம் அந்த மனிதர் உலகத்திலேயே பெரிய சந்தோஷக்காரராக இருந்தார். அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அப்போது யன்னலுக்குக் கீழே இலக்கத்தகடு இல்லாத ஒரு வாகனம் நின்றது. எதிர்வீட்டுக் கேற் உடைபட்டது. பிறகு சீலாவதி அம்மாவின் குரல்: "மகே புத்தா, மகே புத்தா." சிங்களத்தில் என் மகனே என்று அர்த்தம். அது சொல்லாமலே விளங்கும்.

யன்னலோரம் நின்றது நாங்கள் இரண்டு பேர் மட்டும். எங்களுக்கு மட்டும்தான் அது கேட்டது. மணவறைக்கு இன்னும் கேட்கவில்லை. தனபாலன் தாலியைக் கையில் எடுத்திருந்தான். பாமா தலை குனிந்திருந்தாள்.

வரதராசா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய வாய் ஏதோ சொன்னது. ஒரே ஒரு சொல். மேளச் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை. கூட்டு என்றிருக்கலாம், குறை என்றிருக்கலாம்.

கூட்டினால் அந்தத் தாயின் அழுகை அமுங்கிப்போகும், கெட்டிமேளம் இருப்பதே அதற்காகத்தான். பாமா நல்ல சத்தம் கேட்டுத் தாலி வாங்குவாள். கீழே நிற்பவர்களுக்கும் எங்கள் சந்தோஷம் கேட்கும். குறைத்தால் எங்கள் வீடு தப்பலாம். ஆனால் பதினொரு பேருக்கும் அந்தக் குரல் கேட்கும். கேட்டுவிட்டால் யாராவது எழுந்து வாசலுக்குப் போயாக வேண்டும், போனவர் திரும்பி வருவாரோ தெரியாது. போகாவிட்டால், கேட்டும் அந்தக் கதிரைகளில் உட்கார்ந்திருந்தவர்களாக ஆகிவிடுவோம். அன்று எனக்கு இருபத்தாறு வயது. எனக்குப் பயமாக இருந்தது. இவ்வளவும் எப்போதோ பிறகு யோசித்தது, அப்போது யோசிக்கவில்லை.

குமிழைத் திருப்பினேன். மூன்று முடிச்சும் விழுந்தது. அட்சதை தூவினார்கள், நானும் தூவினேன். பாமா இப்போது கனடாவில், மிஸிசாகாவில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். நிமல் திரும்பி வரவில்லை. மறுநாள் வரதராசாவும் நானும் பன்னிரண்டு கதிரைகளையும் துடைத்து எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனோம். சீலாவதி அம்மா கதவைத் திறந்து, எண்ணாமலே ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும் அந்தப் பிள்ளை வந்திருக்கமாட்டான் என்று பிற்காலத்தில் வரதராசா ஒரு தடவை என்னிடம் சொன்னார். நானும் ஓம் என்றேன். அப்படியென்றால் எந்தப் பக்கம் என்று இங்கே எழுதிவிடலாம்தானே. எழுதமாட்டேன். கூட்டினேன் என்று எழுதினால் நீங்கள் என்னை வெறுப்பீர்கள், குறைத்தேன் என்று எழுதினால் அடுத்த கேள்வி கேட்பீர்கள்: பிறகு யார் எழுந்து போனது?

அதனால் என் இடத்தில் வந்து நில்லுங்கள். யன்னல் உங்கள் இடப்பக்கம். குமிழ் வெள்ளி நிறம், கொஞ்சம் இறுக்கம். வலத்தே திருப்பினால் கூடும், இடத்தே திருப்பினால் குறையும். தனபாலன் முதல் முடிச்சைப் போட்டுக்கொண்டிருக்கிறான். கீழே அவர் இன்னும் மகனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.